கத்தியைக் காட்டினால் என்ன தண்டனை?

வாசகர் சட்டக் கேள்விகள்

ஆயுத மிரட்டல் பற்றி வந்த கடிதங்களை இந்த இதழில் சேர்த்துப் பதில் சொல்கிறோம். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா (பி.என்.எஸ்.) நடைமுறையில் இருக்கிறது. அந்தத் தேதிக்கு முன் நடந்த சம்பவம் என்றால் பழைய சட்டத்தின் எண்களே பொருந்தும். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த பழைய '506' இப்போது 351.

கேள்வி: பூர்வீக நிலத்துக்காக முன்சீப் கோர்ட்டில் வழக்கு நடக்கிறது. போன வாரம் பங்காளி ஒருவர் எங்கள் வயலுக்குள் வந்து, வரப்பை மறித்து நின்று, அரிவாளை ஓங்கி, "கேஸை வாபஸ் வாங்கலைன்னா உன்னை வெட்டிப் புதைச்சிருவேன்" என்றார். ஸ்டேஷனில் மனு ரசீது மட்டும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். கொலை மிரட்டலுக்கு இவ்வளவுதானா?
(வாசகர், தென்காசி மாவட்டம்)

உங்கள் கடிதத்தில் குறைந்தது மூன்று குற்றங்கள் இருக்கின்றன. ஸ்டேஷனில் நீங்கள் சொன்னது ஒன்றைத்தான் என்று தோன்றுகிறது. சிக்கல் அங்கேதான்.

முதலில் மிரட்டல். சாதாரண மிரட்டலுக்குப் பிரிவு 351(2)-இன்படி 2 ஆண்டுவரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். உயிரை எடுப்பேன், கொடுங்காயம் செய்வேன், சொத்தைத் தீ வைத்து அழிப்பேன் என்று மிரட்டினால் 351(3). அதற்கு 7 ஆண்டுவரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். பெயரை மறைத்து, மொட்டைக் கடிதம் மாதிரி மிரட்டினால் 351(4)-இன்படி மேலும் 2 ஆண்டுவரை சேரும். உங்களுக்கு நடந்தது 351(3). சிவில் வழக்கைக் கைவிடச் சொல்லி, வீட்டைக் கொளுத்துவேன் என்று ஒருவர் மிரட்டுவதைச் சட்டமே இந்தக் குற்றத்துக்கு உதாரணமாகக் காட்டுகிறது. உங்கள் சம்பவம் அதற்கு வெகு அருகில் இருக்கிறது.

ஆனால் மத்தியச் சட்டத்தின் அட்டவணைப்படி 351(3), மாஜிஸ்திரேட்டின் உத்தரவு இல்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாத வகைக் குற்றம். ஜாமீன் பெறுவதும் எதிரிக்கு (குற்றம் சாட்டப்பட்டவருக்கு) உரிமை. பழைய சட்டக் காலத்தில் சில மாநிலங்கள் தனி அறிவிக்கை வெளியிட்டு 506-ஐக் கடுமையாக்கியதுண்டு. ஆகவே ஜாமீன் நிலையை உங்கள் வழக்கறிஞரிடம் உறுதிசெய்துகொள்ளுங்கள். 'கொலை மிரட்டல்' என்று மட்டும் எழுதிய மனு ரசீதோடு நின்றுபோவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி நீங்கள் விட்டுவிட்ட இரண்டு. அனுமதியில்லாமல் உங்கள் வயலுக்குள் வந்து மிரட்டியது அத்துமீறல்: பிரிவு 329(3), 3 மாதம்வரை சிறை அல்லது 5,000 ரூபாய்வரை அபராதம். வரப்பை மறித்து உங்களைப் போகவிடாமல் செய்தது 126(2): ஒரு மாதம்வரை சிறை அல்லது 5,000 ரூபாய்வரை அபராதம். தண்டனை சிறியதுதான். ஆனால் இவை இரண்டும் போலீஸ் நேரடியாக வழக்குப் பதியக்கூடிய குற்றங்கள். ஒரே சம்பவத்தில் அப்படி ஒரு குற்றமாவது இருந்துவிட்டால், முழு வழக்கையும் நேரடியாகப் பதியக்கூடியதாகவே கருத வேண்டும் என்கிறது புதிய நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். பிரிவு 174(4). சின்னப் பிரிவுகளைப் பிடித்துக்கொண்டுதான் பெரிய பிரிவு எஃப்.ஐ.ஆருக்குள் வரும். மறித்ததையும் உள்ளே வந்ததையும் எழுதாமல் விட்டால் அந்தப் பிடி போய்விடும். ஒன்று மட்டும்: நிலம் யார் அனுபவத்தில் இருக்கிறது என்பதே தகராறு என்றால், அத்துமீறலை அவர் மறுப்பார். சிட்டா, அடங்கல் நகல்களை மனுவோடு இணைத்துவிடுங்கள்.

மனு எழுதும் விதம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. விக்ரம் ஜோஹர் எதிர் உத்தரப் பிரதேச அரசு என்ற வழக்கை 2019-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. இரண்டு மூன்று பேரோடு வீட்டுக்கு வந்தார், வந்தவர்களில் ஒருவர் கையில் ரிவால்வர் இருந்தது, ஆபாசமாகத் திட்டினார், தாக்க முயன்றார், அக்கம்பக்கத்தினர் வந்ததும் ஓடிவிட்டார்கள் என்பது புகார். துப்பாக்கி இருந்தும், மிரட்டல் குற்றத்தின் கூறுகள் புகாரில் இல்லை என்று எதிரி விடுவிக்கப்பட்டார். என்ன சொல்லி மிரட்டினார், எதைச் செய்யவைக்க அல்லது செய்யவிடாமல் தடுக்க மிரட்டினார், பீதியூட்டும் நோக்கம் இருந்ததா என்பவைதான் குற்றத்தின் உயிர். ஆயுதம் அந்த நோக்கத்துக்குச் சான்று மட்டுமே.

ஆகவே அவர் சொன்ன வார்த்தையை, ஊர்ப் பேச்சில் எப்படிச் சொன்னாரோ அப்படியே மேற்கோளுக்குள் எழுதுங்கள். "தகாத வார்த்தைகளால் திட்டிக் கொலை மிரட்டல் விடுத்தார்" என்ற வார்ப்பு வாக்கியம் வேண்டாம்; ஆயிரம் மனுக்களில் அதே வாக்கியத்தைப் பார்த்த நீதிபதிக்கு அது எதையும் சொல்லாது. நாள், நேரம், சர்வே எண். அரிவாள் எந்தக் கையில் இருந்தது, எவ்வளவு நீளம், மரப்பிடியா இரும்புப்பிடியா. உங்களுக்கும் அவருக்கும் எத்தனை அடி இடைவெளி. சுற்றி யார் இருந்தார்கள். அதன்பிறகு பயத்தில் நீங்கள் எதைச் செய்யாமல் இருக்கிறீர்கள் (வயலுக்குப் போகவில்லை, வாய்தாவுக்குப் போகப் பயம்) என்று எழுத வேண்டும். கோர்ட் பெயரையும் வழக்கு எண்ணையும் மறக்காதீர்கள். "வாபஸ் வாங்கு" என்ற நிர்ப்பந்தத்தை நிரூபிப்பது அதுதான். நடக்காததைக் கூட்டி எழுதக் கூடாது. 'வெட்ட வந்தார்' என்று ஏற்றி எழுதி, பிறகு சாட்சிக் கூண்டில் 'ஓங்கினார்' என்று இறங்கினால் மொத்த வழக்கும் ஆட்டம் காணும்.

அப்படியும் பதிய மறுத்தால், அதே மனுவை மாவட்ட எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், பி.என்.எஸ்.எஸ். 173(4) தரும் உரிமை அது. அங்கும் நடவடிக்கை இல்லையென்றால், பிரமாணப் பத்திரத்துடன் 175(3)-இன்கீழ் மாஜிஸ்திரேட்டிடம் மனு. எஸ்.பி.க்கு அனுப்பிய ரசீது இல்லாமல் நேரே கோர்ட்டுக்குப் போனால் திருப்பிவிடுவார்கள். 3 ஆண்டோ அதற்கு மேலோ, ஆனால் 7 ஆண்டுக்குக் குறைவாகவோ தண்டனை உள்ள குற்றங்களில், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாளில் முதற்கட்ட விசாரணை நடத்தப் புதிய சட்டம் இடம் தருகிறது. 7 ஆண்டுவரை தண்டனை உள்ள உங்கள் 351(3)-க்கு அது பொருந்தாது.

இன்னொரு வழி, பி.என்.எஸ்.எஸ். 126. அமைதி கெடும் அபாயம் இருக்கிறது என்று போலீஸ் அறிக்கை கொடுத்தால், நிர்வாக மாஜிஸ்திரேட் எதிரியை அழைத்து விசாரித்து, ஓராண்டுவரை அமைதி காப்பதற்கான பிணைப் பத்திரம் எழுதி வாங்கலாம். பங்காளிச் சண்டையில் தண்டனையைவிட இந்தப் பத்திரம் பலமுறை அதிகம் உதவும். மீறினால் பிணைத்தொகை போகும், சிறைக்கும் போக நேரிடும்.

கேள்வி: ஒரு வார்த்தைகூடப் பேசாமல் கத்தியை எடுத்துக் காட்டினால்?
(வாசகர், கரூர்)

அடுத்த நொடி தாக்கப்போகிறார் என்ற அச்சத்தை உண்டாக்கும் சைகை, பிரிவு 130-இன்படி தாக்க முனைதல். தண்டனை 131: 3 மாதம்வரை சிறை அல்லது 1,000 ரூபாய்வரை அபராதம் அல்லது இரண்டும். வெறும் சொல் இந்தக் குற்றம் ஆகாது. ஆனால் சைகைக்குப் பொருள் கொடுப்பது சொல்தான் என்று சட்டமே விளக்குகிறது. கத்தி தோலில் பட்டுக் கீறினாலே கணக்கு மாறிவிடும். ஆபத்தான ஆயுதத்தால் காயம் என்றால் 118(1), 3 ஆண்டுவரை. கொடுங்காயம் என்றால் 118(2), குறைந்தது ஓராண்டு, ஆயுள்வரை போகலாம்.

அதே ஆள் அதே கத்தியோடு உங்கள் வீட்டு வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்திருந்தால் பிரிவு 333: தாக்கத் தயாராகி வீட்டுக்குள் அத்துமீறுதல், 7 ஆண்டுவரை சிறையும் அபராதமும். போலீஸ் நேரடியாகப் பதியலாம்; ஜாமீன் உரிமையாகக் கிடைக்காது. வாசலுக்கு வெளியே நின்றாரா, உள்ளே வந்தாரா என்பதை மனுவில் ஒரு வரியாவது தெளிவாக எழுதுங்கள்.

கேள்வி: வாங்கிய கடனுக்கு வட்டி கட்டிக்கொண்டுதான் இருந்தோம். கடன் கொடுத்தவர் ஆள்களோடு கடைக்கு வந்து, பட்டாக்கத்தியை மேசையில் வைத்துவிட்டு, எழுதாத புரோநோட்டில் கையெழுத்து வாங்கிப்போனார். பணம் எதுவும் எடுக்கவில்லை. இது வழிப்பறியா?
(வாசகி, திருப்பூர்)

மிரட்டிப் பறித்தல், பிரிவு 308. பணம் போகவில்லையே என்று விட்டுவிடாதீர்கள். பின்னால் கடன் பத்திரமாக மாற்றக்கூடிய கையெழுத்தை வாங்குவதும் இதில் அடங்கும். உயிர்ப் பயம் அல்லது கொடுங்காயப் பயம் காட்டி வாங்கியிருந்தால் 308(5), 10 ஆண்டுவரை சிறையும் அபராதமும். கையெழுத்துப் போடாமல் நீங்கள் தப்பித்திருந்தாலும், அந்தப் பயத்தைக் காட்டியதற்கே 308(4) இருக்கிறது, 7 ஆண்டுவரை. இதோடு தமிழ்நாட்டின் 2003-ஆம் ஆண்டு கந்துவட்டித் தடைச் சட்டமும் சேரும். அதற்கு 3 ஆண்டுவரை சிறையும் 30,000 ரூபாய்வரை அபராதமும்.

இதில் தாமதம் உங்களுக்கு எதிரி. அந்தப் புரோநோட்டில் நாளை ஒரு தொகையை எழுதி உங்கள்மேல் சிவில் வழக்குப் போடுவார். அப்போது "மிரட்டி வாங்கினார்" என்று முதன்முதலாகச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். இன்றே போலீஸில் மனு கொடுங்கள். வழக்கறிஞர் மூலம் நோட்டீஸ் அனுப்பி, எந்தத் தேதியில் எந்தச் சூழலில் கையெழுத்து வாங்கப்பட்டது என்று பதிவு செய்யுங்கள். காசோலையும் வாங்கியிருந்தால் வங்கிக்கு எழுத்து மூலம் நிறுத்தச் சொல்லுங்கள். கடையில் கேமரா இருந்தால், டி.வி.ஆரில் பழைய பதிவு தானாக அழிவதற்குமுன் காட்சியைத் தனி வன்தட்டில் எடுத்து வையுங்கள்; மூலக் கருவியையும் தொடாமல் காப்பாற்றுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்த நகல் கோர்ட்டில் தடுமாறும். புதிய சாட்சியச் சட்டத்தின் பிரிவு 63 கேட்பது இரண்டு பகுதிச் சான்றிதழ்: ஒன்று கருவியை வைத்திருப்பவர் தருவது, மற்றது நிபுணர் தருவது. கோப்பின் ஹாஷ் மதிப்பையும் (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் அடையாள எண்) அதில் குறிக்க வேண்டும்.

கேள்வி: அப்படியானால் வழிப்பறி எது? பொம்மைத் துப்பாக்கி என்றால் தண்டனை குறையுமா?
(வாசகர், கும்பகோணம்)

அந்த இடத்திலேயே, அந்த நொடியிலேயே வெட்டுவான் என்ற பயத்தைக் காட்டிப் பொருளைப் பறித்தால் வழிப்பறி. பிரிவு 309(4): 10 ஆண்டுவரை கடுங்காவல். சூரியன் மறைந்ததிலிருந்து உதிக்கும்வரை நெடுஞ்சாலையில் நடந்தால் 14 ஆண்டுவரை.

கொடிய ஆயுதத்தைப் பயன்படுத்தினால் 311. அதற்குக் குறைந்தபட்சமே 7 ஆண்டு, நீதிபதி நினைத்தாலும் அதற்குக் கீழே இறங்க முடியாது. 'பயன்படுத்துதல்' என்றால் குத்தியிருக்க வேண்டும் என்பதில்லை. பறிகொடுப்பவர் கண்ணில் படும்படி கத்தியைத் திறந்து வைத்திருந்தாலே போதும் என்று 1975-இல் ஃபூல் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் இந்த 7 ஆண்டு, ஆயுதத்தைப் பயன்படுத்தியவருக்கு மட்டும். பைக்கில் உட்கார்ந்திருந்த கூட்டாளிக்கு வழிப்பறித் தண்டனை உண்டு, இந்தக் குறைந்தபட்சம் பொருந்தாது. எனவே "இருவர் வந்தார்கள், கத்தி காட்டினார்கள்" என்று பொதுவாகச் சொல்லாமல், காட்டியவர் யார் என்று அடையாளம் சொல்ல வேண்டும்.

பொம்மைத் துப்பாக்கியாலும் மிரட்டல் மிரட்டல்தான், பறிப்பு பறிப்புதான். பார்த்தவருக்கு வந்த பயம் உண்மை. 'கொடிய ஆயுதம்' என்று நிரூபிக்க வேண்டிய 311 மட்டும் நிற்பது கடினம்.

கேள்வி: பைக் பெட்டியில் அரிவாள் வைத்திருந்தாலே ஆயுதச் சட்டம் பாயுமா? லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர் கோயில் கொடையில் வானத்தை நோக்கிச் சுட்டால்?
(வாசகர், தூத்துக்குடி மாவட்டம்)

1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், வீட்டுக்கும் விவசாயத்துக்கும் மட்டுமே என்று செய்யப்பட்ட கருவிகளை ஆயுதக் கணக்கில் சேர்ப்பதில்லை. கதிர் அரிவாளும் தேங்காய் வெட்டும் கத்தியும் அப்படித் தப்பும். வாள், பிச்சுவா, ஈட்டி போன்றவையும், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு கொண்டு வேறு நோக்கத்துக்குச் செய்யப்பட்ட கத்திகளும் ஆயுதம். இவற்றுக்கு லைசென்ஸ் தேவையா என்பது, மத்திய அரசு அந்தப் பகுதிக்கு அறிவிக்கை செய்திருக்கிறதா என்பதைப் பொறுத்தது. இதற்காக அரிவாளை எங்கும் கொண்டுபோகலாம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஐந்து பேர் சட்டவிரோதமாகக் கூடிய இடத்தில் அது கையில் இருந்தால் 189(4), 2 ஆண்டுவரை. கலவரம் ஆகிவிட்டால் 191(3), 5 ஆண்டுவரை.

துப்பாக்கி வேறு கணக்கு. லைசென்ஸ் இல்லாமல் வைத்திருப்பதற்கே, 2019 திருத்தத்துக்குப் பிறகு, குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு. லைசென்ஸ் இருந்தும் கொண்டாட்டத்துக்காகச் சுட்டுப் பிறர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால் ஆயுதச் சட்டம் 25(9): 2 ஆண்டுவரை சிறை, அல்லது ஒரு லட்சம்வரை அபராதம், அல்லது இரண்டும். லைசென்ஸை நிறுத்திவைக்கவும் ரத்து செய்யவும் பிரிவு 17 அதிகாரம் தருகிறது. தோட்டத் தகராறில் லைசென்ஸ் துப்பாக்கியை எடுத்து நீட்டுபவர்மேல் 351(3) வழக்கோடு, லைசென்ஸ் அதிகாரிக்கும் தனியாக ஒரு மனு அனுப்புங்கள். பலரும் இதை மறந்துவிடுகிறார்கள்.

கேள்வி: குடித்துவிட்டு வந்து கணவர் அரிவாள்மனையைத் தூக்கி மிரட்டுகிறார். வழக்குப் போட்டால் குடும்பம் போய்விடும் என்கிறார்கள்.
(பெயர் வேண்டாம், சேலம்)

அம்மா, முதலில் உங்கள் உயிர். அவர் ஆயுதத்தைத் தொடும் நேரத்தில் பேச்சு வேண்டாம். குழந்தைகளோடு வெளியே வந்து 112 அல்லது பெண்கள் உதவி எண் 181-ஐ அழையுங்கள். ஆதார், வங்கிப் புத்தகம், குழந்தைகளின் சான்றிதழ்களைப் பக்கத்து வீட்டிலோ பிறந்த வீட்டிலோ முன்கூட்டியே கொடுத்து வையுங்கள்.

கிரிமினல் வழக்கு என்றால் 351(3)-உம், கொடுமைக்கான 85-உம் (3 ஆண்டுவரை) வரும். ஆனால் கணவரை ஜெயிலுக்கு அனுப்பாமலே உங்களைக் காக்கும் வழியும் உண்டு. 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தில் மனுப் போட எஃப்.ஐ.ஆர். தேவையில்லை. மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் இருக்கும் பாதுகாப்பு அலுவலரே மனுவைத் தயார் செய்ய உதவுவார். மிரட்டக் கூடாது, நெருங்கக் கூடாது என்று பிரிவு 18-இல் உத்தரவு வாங்கலாம். வீட்டைவிட்டு அவரையே வெளியேறச் சொல்லவும் பிரிவு 19 இடம் தருகிறது. அவசரம் என்றால் அவரைக் கேட்காமலே இடைக்கால உத்தரவு போட 23 உண்டு. உத்தரவை மீறினால் ஓராண்டுவரை சிறை அல்லது 20,000 ரூபாய்வரை அபராதம். அப்போது போலீஸ் நேரடியாகக் கைது செய்யலாம். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச வழக்கறிஞர் உரிமை, 15100-ஐ அழையுங்கள்.

கேள்வி: என் மகன் தகராறு நடந்த இடத்தில் நின்றான், அவ்வளவுதான். கத்தி காட்டியது நண்பன். இவனை இரண்டாம் எதிரியாகச் சேர்த்துவிட்டார்கள். வெளிநாட்டு வேலைக்குப் பாஸ்போர்ட் வேண்டும்.
(வாசகர், இராமநாதபுரம்)

உடன் நின்றதை 3(5) என்ற பொது எண்ணப் பிரிவின் மூலம் இழுத்திருப்பார்கள். கத்தி காட்டியவரோடு முன்கூட்டியே ஒத்த எண்ணம் இருந்தது என்று அரசுத் தரப்புதான் காட்ட வேண்டும். வெறுமனே அங்கே இருந்தது போதாது. எஃப்.ஐ.ஆர். நகலை எடுத்து என்னென்ன பிரிவு என்று பாருங்கள். 7 ஆண்டுவரை தண்டனை உள்ள குற்றங்களில் எடுத்தவுடன் கைது கூடாது, நோட்டீஸ் கொடுத்து அழைக்க வேண்டும் என்பது பி.என்.எஸ்.எஸ். 35(3), அதற்கு அடித்தளம் 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கில் வந்த தீர்ப்பு. நோட்டீஸ் வந்தால் கட்டாயம் போக வேண்டும். ஒளிந்தால் அதுவே கைதுக்குக் காரணமாகிவிடும். 311, 333 போல ஜாமீன் கடினமான பிரிவு இருந்தால் முன்ஜாமீன் மனு. எதிராளியிடம் நேரில் சமாதானம் பேசப் போகவே வேண்டாம். சாட்சியைக் கலைத்ததாகப் புது வழக்கு வரும்.

பாஸ்போர்ட்டைப் பொறுத்தவரை, வெறும் எஃப்.ஐ.ஆர். நிலுவை என்பது கோர்ட்டில் வழக்கு நிலுவை ஆகாது. குற்றப்பத்திரிகை தாக்கலாகி மாஜிஸ்திரேட் கோப்பில் எடுத்துக்கொண்ட பிறகு, அந்தக் கோர்ட்டின் அனுமதி உத்தரவோடு விண்ணப்பிக்க வேண்டும். எந்த நிலையிலும் விண்ணப்பத்தில் வழக்கை மறைக்கக் கூடாது. புகார் முழுப் பொய் என்று நிரூபணமானால் 248 இருக்கிறது, 5 ஆண்டுவரை. ஆனால் அது விடுதலைக்குப் பிறகு யோசிக்க வேண்டியது.

கேள்வி: இரவில் கடைக்குள் புகும் திருடனை விரட்ட நான் அரிவாளை எடுத்தால் என்மேலும் வழக்கா?
(வாசகர், விருதுநகர்)

தற்காப்பு உரிமை பி.என்.எஸ். 34 முதல் 44 வரையிலான பிரிவுகளில் இருக்கிறது. பூட்டை உடைத்து இரவில் புகுந்தவரை விரட்ட அரிவாளைக் காட்டுவது குற்றம் ஆகாது. அளவு மட்டும் முக்கியம்: தடுக்கத் தேவையானதற்கு மேல் தீங்கு செய்யக் கூடாது என்கிறது பிரிவு 37. பொருளைப் போட்டுவிட்டு ஓடுபவரைத் தெருமுனைவரை துரத்தி வெட்டினால், அந்த இடத்தில் நீங்கள் எதிரி ஆகிவிடுவீர்கள். அவர் ஓடியதும் ஷட்டரை இறக்கி 100-ஐ அழையுங்கள். உடைந்த பூட்டை, போலீஸ் வந்து மகஜர் (சம்பவ இடத்தைப் பார்த்து எழுதும் பதிவு) எழுதும்வரை தொடாதீர்கள்.